உடல் நிறையும் உண்மை வலிமையும்

மன்னாரிலிறங்கிக் கால்நடையாய் மாத்தளை சேர்ந்த நம் மூதாதையர் பலரின் ஊர்களிலே இளவட்டக்கல் என்றொன்று உண்டு. அதைத் தோளுக்கு ஏற்றி எறிபவனின் நிறையை எவரும் நிறுத்துப் பார்த்ததில்லை. மெலிந்தவனுக்கும் பருத்தவனுக்கும் ஒரே கல்தான். இது நீதியா?

தூக்கிய பளுவை உடல் நிறையால் வகுத்துவிட்டால் நீதி கிட்டுமெனத் தோன்றும். 1988இல் சியோல் நகரிலே 60 கிலோப் பிரிவில் நைம் சுலைமானோகுலு இரு தூக்கல்களிலுமாக 342.5 கிலோ தூக்கினார். தம் நிறையைப்போல் ஐந்தரை மடங்குக்கும் மேல். 2021இல் டோக்கியோவில் 488 கிலோ தூக்கிய பேருடலினர் லாஷா தலகாட்சேக்கோ அது மும்மடங்கும் இல்லை. அவர் வலியற்றவரா? அன்று. தசையின் வலிமை குறுக்குவெட்டுப் பரப்பைப் பொறுத்தது. நிறையோ கனவளவைப் பொறுத்தது. உருவம் எப்பக்கமும் இருமடங்கானால் வலிமை நான்கு மடங்காகும், நிறை எட்டு மடங்காகும். வெறும் வகுத்தல் சிறியவர் பக்கமே சாயும்.

இதனாலேயே நிறைப் பிரிவுகள் வேண்டியனவாயின. வேலூர் சதீஷ் சிவலிங்கம் 2014இல் கிளாஸ்கோவிலே 328 கிலோ தூக்கித் தங்கம் வென்றது 77 கிலோப் பிரிவிலாகும். பிரிவுகளைத் தம்முள் ஒப்பிடச் சின்கிளேயர் குணகம் உண்டு. உலகச் சாதனைகளைக் கொண்டு அது ஒலிம்பிக் சுற்றுதோறும் திருத்தப்படுகிறது.

2016 வரை, பளு சமமாயின் நிறை குறைந்தவரே வென்றவர். அவ்வாண்டு ரியோவிலே 379 கிலோவில் இருவர் சமமாக, தங்கம் அவ்வாறே தீர்க்கப்பட்டது. (ஊக்கமருந்துக் குற்றத்தால் அது பின்னர் பறிபோனது வேறு கதை.) மறு ஆண்டு அவ்விதி நீங்கி, அப்பளுவை முதலில் எட்டியவரே வென்றவர் என்றாயிற்று. என் மனம் பழைய விதியையே நாடுகிறது. கொழுந்துச் சாக்கைச் சிற்றுடல்கள் சுமந்து மலையிறங்குவதைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாம்.