பேய்ப் படத்தில் பிழை தேடுவோம்!

பேய்ப் படம் என்றதும் கண்ணை மூடிக்கொள்வோர் நம்மில் பலர். எங்கள் வீட்டிலோ கண்ணை அகல விரித்துப் பிழை பிடிப்பதே வழக்கம். கோடை விடுமுறையில் திருமங்கலத்தில் அப்பத்தா வீட்டில் 'சந்திரமுகி' பார்த்தபோது எனக்கும் அக்காவுக்கும் மூண்ட வழக்கு இன்னும் தீரவில்லை.

முதலில் மெழுகுவர்த்தியைக் கவனியுங்கள். பேய்ப் படத்தில் மின்சாரம் போகாமல் இராது அல்லவா? பாதி எரிந்திருந்த வர்த்தி, மறுகணமே முழு நீளமாக நிற்கும்! இரண்டு நிமிடக் காட்சியை எடுக்க ஒரு பகல் முழுவதும் ஆகலாம். கேமராவை இடம் மாற்றி அதே நடிப்பைத் திரும்பத் திரும்ப எடுப்பார்கள். கதை வரிசைப்படியும் எடுப்பதில்லை. ஆகவே பொட்டு, வளையல், தலைமுடி வரை குறித்து வைக்க ஓர் உதவி இயக்குநர் இருப்பார். 'கன்டினியூட்டி' என்பது இதுதான். அவர் சற்று அசந்தால் அக்கா பிடித்துவிடுவாள்.

எங்கள் வழக்கு இதைப் பற்றியதன்று, பாம்பைப் பற்றியது. 2005-இல் பி. வாசு இயக்கிய 'சந்திரமுகி'யில் ஒரு பெரிய பாம்பு வந்து வந்து போகும். அதை நீக்கிவிட்டாலும் கதையில் ஒரு முடிச்சும் அவிழாது. "இது பிழைதான்" என்றாள் அக்கா. "புதையல் இருக்குற எடத்துல நாகம் காவ காக்கும்டி" என்று அப்பத்தா பாம்பின் பக்கம் பேசினார்கள்!

1993-இல் ஃபாசில் இயக்கிய மலையாள மூலமான 'மணிச்சித்ரதாழ்' படத்தில் அந்தப் பாம்பு இல்லை. 2004-இல் வாசுவே கன்னடத்தில் எடுத்த 'ஆப்தமித்ரா'வில் உண்டு. தெரிந்தே இருமுறை வைத்ததைக் கவனக்குறைவு எனலாமா? தேவையற்ற அலங்காரம் என்று வேண்டுமானால் சொல்லலாம் என்பது என் கட்சி.

இதைவிடச் சிக்கலானது 2012-இல் வந்த 'பீட்சா'. நம் மதுரையைச் சேர்ந்த கார்த்திக் சுப்பராஜின் முதல் படம். (படம் பார்க்காதவர்கள் இத்துடன் நிறுத்திக்கொள்ளுங்கள்!) பீட்சா கொடுக்கப் போன பங்களாவில் தான் பட்ட பாட்டை மைக்கேல் சொல்லச் சொல்ல, "இவன் ஏன் இப்படிச் செய்யவில்லை?" என்று அக்கா ஏழெட்டு ஓட்டைகளை நோட்டில் குறித்துக்கொண்டாள். கடைசியில் பார்த்தால், வைரங்களுக்காக முதலாளியை ஏமாற்ற அவனே கட்டிய கதை அது! ஓட்டைகள் இயக்குநருடையவை அல்ல, மைக்கேலுடையவை என்று நான் துள்ளிக் குதித்தேன்.

அக்கா அசரவில்லை. "அப்படியானால் கேட்ட முதலாளி ஏன் இந்தக் கேள்விகளைக் கேட்கவில்லை?" என்றாள். சிறிது நேரம் திகைத்துப் போனேன். பிறகுதான் நினைவு வந்தது: முதலாளியின் மகளையே பேய் பிடித்து ஆட்டுகிறது. வீட்டில் அப்படி ஒரு பயத்தை வைத்திருப்பவர் எந்தப் பேய்க் கதையையும் நம்பத்தானே செய்வார்? மைக்கேலும் அதைத் தெரிந்துகொண்டே கதை கட்டுகிறான்.

அக்கா ஒப்புக்கொள்ளவில்லை. "அந்த இடத்தை மறுபடியும் போடு" என்றாள்.