டேப்லெட் திரையில் அம்புக்குறி ஏன் பின்தங்குகிறது?

மடிக்கணினியில் கட்டுரை எழுதும்போது பாடக்குறிப்பையும் பக்கத்திலேயே திறந்து வைக்க ஒரு திரை போதுவதில்லை. வீட்டில் டேப்லெட் சும்மா கிடந்தால் அதையே இரண்டாவது திரையாக்கிக்கொள்ளலாம். மேக் கணினியையும் ஐபேடையும் இணைக்கும் ‘சைட்கார்’ வசதியை ஆப்பிள் 2019இல் கொண்டுவந்தது. விண்டோஸ், ஆண்ட்ராய்டு வைத்திருப்பவர்களுக்கு ‘ஸ்பேஸ்டெஸ்க்’, ‘டூயட் டிஸ்பிளே’ போன்ற செயலிகள் உண்டு.

ஆனால், மவுஸை டேப்லெட் பக்கம் நகர்த்தினால் அம்புக்குறி கையைவிடச் சற்றுப் பின்தங்கி வரும். யூடியூப் காணொளி தடங்கலின்றி ஓடும் அதே வைஃபையில் இது மட்டும் ஏன் தடுமாறுகிறது?

பெரும்பாலான டேப்லெட்டுகள் வெளியிலிருந்து வரும் படத்தை மானிட்டரைப்போல் நேரடியாக வாங்கிக்கொள்வதில்லை. அதனால் செயலி ஒரு தந்திரம் செய்கிறது. ‘இன்னொரு மானிட்டர் இணைக்கப்பட்டுள்ளது’ என்று கணினியை நம்ப வைக்கிறது. கணினியும் இல்லாத அந்தத் திரைக்காகத் தன் நினைவகத்தில் படம் வரைகிறது. அந்தப் படத்தை டேப்லெட்டுக்குக் கொண்டுசேர்ப்பதுதான் சிரமம்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். 1920 x 1080 அளவுத் திரையில் 2 மில்லியனுக்கும் அதிகமான படப்புள்ளிகள். ஒவ்வொன்றின் நிறத்துக்கும் 24 பிட். நொடிக்கு 60 படம். பெருக்கினால் நொடிக்கு ஏறக்குறைய 3 பில்லியன் பிட். எச்டிஎம்ஐ கம்பி இதைச் சுமக்கும். யுஎஸ்பி 2.0 கம்பியின் உச்ச வேகமோ நொடிக்கு 480 மில்லியன் பிட்தான்.

ஆகவே படத்தைச் சுருக்கித்தான் அனுப்ப முடியும். முந்தைய படத்திலிருந்து எந்த இடம் மாறியதோ, பெரும்பாலும் அந்த மாற்றம் மட்டுமே போகும். அசையாமல் நிற்கும் பாடக்குறிப்புக்கு அனுப்ப வேண்டியது மிகக் குறைவு. பக்கத்தை வேகமாக உருட்டினால் எல்லாப் புள்ளிகளும் மாறும். எழுத்துகள் ஒரு கணம் மங்குவது அதனால்தான்.

யூடியூபும் இப்படிச் சுருக்கிய காணொளியைத்தான் அனுப்புகிறது. ஆனால் அது அடுத்த சில நொடிக் காட்சிகளை முன்கூட்டியே இறக்கி வைத்துக்கொள்கிறது. இணையம் சற்றுத் திணறினாலும் நமக்குத் தெரியாது. இரண்டாம் திரைக்கு அந்த வசதி இல்லை. நீங்கள் மவுஸை எந்தப் பக்கம் நகர்த்துவீர்கள் என்பது கணினிக்குத் தெரியாதே! அடுத்த படம் இன்னும் பிறக்கவே இல்லை. பிறந்த பிறகுதான் அதைச் சுருக்கி, அனுப்பி, விரித்துக் காட்ட வேண்டும்.

வைஃபையில் இன்னொரு சிக்கலும் உண்டு. தரவு வழக்கமாக மடிக்கணினியிலிருந்து ரூட்டருக்கும், அங்கிருந்து டேப்லெட்டுக்குமாக இரண்டு முறை காற்றில் பயணம் செய்கிறது. அடுக்குமாடி வீடுகளில் அண்டை வீட்டு ரூட்டர்களும் அதே அலைவரிசைக்குப் போட்டி போடும். 2.4 கிகாஹெர்ட்ஸில் நெரிசல் அதிகம். மைக்ரோவேவ் அடுப்பும் அங்கேதான் குறுக்கிடும். 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாறினால் நிலைமை மேம்படும். செயலி அனுமதித்தால் கம்பியே மேல்.

தாமதம் பத்தில் ஒரு நொடி என்று வைத்துக்கொள்வோம். படிப்பதற்கு அது ஒரு பொருட்டே அல்ல. டேப்லெட் பேனாவால் நொடிக்கு 10 செண்டிமீட்டர் வேகத்தில் கோடு இழுத்தால், கோடு பேனா முனைக்கு 1 செண்டிமீட்டர் பின்னால் வரும். அதில் கணக்குச் செய்வது எரிச்சல்தான். வேகமான விளையாட்டுக்கும் இது ஒத்துவராது.

உங்கள் வீட்டுத் தாமதத்தை நீங்களே அளக்கலாம். இரு திரைகளிலும் ஒரே காட்சி தெரியும்படி வைத்து, மில்லிநொடி காட்டும் நிறுத்துக் கடிகாரம் ஒன்றை ஓடவிடுங்கள். இரண்டையும் சேர்த்துக் கைப்பேசியில் படமெடுத்து, மடிக்கணினி காட்டும் நேரத்திலிருந்து டேப்லெட் காட்டுவதைக் கழியுங்கள். பத்துப் படம் எடுத்துச் சராசரி பார்ப்பது நல்லது. பள்ளி நிர்வகிக்கும் சாதனமாக இருந்தால், செயலியை நிறுவுமுன் ஆசிரியரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.