மண் வேண்டாம், கூடை போதும்: வீட்டில் மணக்கும் ஆர்க்கிட்

ஆர்க்கிட் என்றதும் கல்யாண மேடையில் குத்திவைத்திருக்கும் ஊதாப் பூதான் உங்களுக்கு நினைவுக்கு வரும். அது பெரும்பாலும் டென்ட்ரோபியம். நாள்கணக்கில் வாடாது; ஆனால் மூக்கருகே கொண்டுபோனால் ஏமாற்றம்தான். மணக்கும் ஆர்க்கிட்டுகள் வேறு. அவற்றுள் சமவெளி வெக்கையைத் தாங்கி, கூடையில் தொங்கியபடியே வளரக்கூடிய நரிவால் ஆர்க்கிட்டைப் பற்றித்தான் இங்கே சொல்லப்போகிறேன். பூங்கொத்து நரிவால்போல வளைந்து தொங்குவதால் இந்தப் பெயர். நர்சரியில் ரிங்கோஸ்டைலிஸ் என்று கேளுங்கள்.

அதில் எதை வாங்குவது? இரண்டு வகை எளிதாகக் கிடைக்கும். ரெட்டூசா நம் மேற்குத் தொடர்ச்சி மலையிலும் இலங்கையிலும் வடகிழக்கிலும் மரங்களில் வளர்வது. கோடையில் பூக்கும், மணம் மெல்லியது. அசாமின் மாநிலப் பூ இதுதான். சித்திரை பிறக்கும்போது வரும் பிகு பண்டிகையில் பெண்கள் இதைக் கொண்டையில் சூடி ஆடுவார்கள். மற்றது ஜைஜாண்டியா. பர்மா, தாய்லாந்துப் பக்கத்துச் செடி. குளிர்காலத்தில், மார்கழி தை வாக்கில் பூக்கும். வாசனைக்காகவே வாங்குவதென்றால் நான் இதைத்தான் சொல்வேன். ஒரு கொத்து பூத்தால் பால்கனிக் கதவைத் திறந்ததுமே தெரிந்துவிடும்.

ராத்திரி மணக்கும் ஆர்க்கிட் உண்டா? உண்டு. நடு அமெரிக்காவைச் சேர்ந்த பிராசவோலா நோடோசா பகலில் சும்மா இருக்கும். இருட்டிய பிறகுதான் மணக்கும். அந்துப்பூச்சியை வரவழைக்க அதற்கு அதுதானே நேரம்! அதுவும் கூடையில் நன்றாக வளரும்.

சரி, ஏன் கூடை? தொட்டியில் மண் போட்டு வைத்தால் என்ன? இந்தச் செடிகள் காட்டில் மரக்கிளைகளைப் பற்றிக்கொண்டு வாழ்பவை. மரத்திலிருந்து எதையும் உறிஞ்சுவதில்லை. உட்கார இடம் மட்டும் கேட்கும். வேர்கள் பாதிக்குமேல் காற்றில் தொங்கும். அவற்றைச் சுற்றி வெலாமென் (பஞ்சுபோன்ற வெளிப்போர்வை) இருக்கிறது. மழை விழுந்ததும் அது குடித்து வைத்துக்கொள்ளும், பிறகு காயும். நனைவதும் காய்வதும் மாறி மாறி நடந்தால்தான் வேர் பிழைக்கும். மண்ணுக்குள் அது காயவே காயாது.

எனக்கு இது பட்டுத்தான் தெரிந்தது. முதல் செடியைச் செம்மண்ணும் எருவும் கலந்த தொட்டியில் வைத்துக் கொடுத்தார்கள். நானும் ரோஜாவுக்கு ஊற்றுவதுபோல ஊற்றினேன். ஒரு மாதம் கழித்து இலை சுருங்கியதும் வேரைப் பிடித்து இழுத்துப் பார்த்தேன். மேல்தோல் உறைபோல வழுக்கிக்கொண்டு வந்தது. உள்ளே நூல் மட்டும் மிச்சம். வேர் அழுகிவிட்டதா என்று உங்களுக்குச் சந்தேகம் வந்தால் வேரை நசுக்கிப் பாருங்கள். நல்ல வேர் கெட்டியாக இருக்கும்.

கூடைக்குள் என்ன போடுவது? கிட்டத்தட்ட ஒன்றுமே வேண்டாம். ஆறு அல்லது எட்டு அங்குலத் தேக்குச் சட்டக் கூடை நல்லது. துளை நிறைந்த பிளாஸ்டிக் கூடையும் போதும். எலுமிச்சை அளவில் நாலைந்து அடுப்புக்கரித் துண்டுகள், உடைந்த ஓட்டுச்சில்லு, அவ்வளவுதான். தேங்காய் மட்டை சீக்கிரம் மக்கும், ஈரத்தையும் உப்பையும் பிடித்துவைக்கும். அதனால் நான் போடுவதில்லை. தண்டின் அடிப்பாகம் கரிக்கு மேலே தெரியும்படி வைத்து, அசையாமல் கயிற்றால் கட்டுங்கள். ஆடினால் புது வேரின் நுனி உரசி முறியும்.

எத்தனை முறை தண்ணீர் விடுவது? கேட்கிறவர்கள் எல்லாரும் ஒரு எண்ணை எதிர்பார்க்கிறார்கள். எண் கிடையாது, வேரின் நிறம்தான் கணக்கு. காய்ந்த வேர் வெள்ளியாகத் தெரியும். தண்ணீர் பட்டதும் போர்வை ஊறி, உள்ளே இருக்கும் பச்சை வெளியே தெரியும். பக்கத்தில் நின்று பாருங்கள், சில நொடிகளில் கண்முன்னே நிறம் மாறும். வெள்ளியானால் விடுங்கள், பச்சையாக இருந்தால் பூவாளியைக் கீழே வையுங்கள்.

நடைமுறையில் இது எப்படி வரும்? கத்திரி வெயிலில் காலையும் பிற்பகலும் விட வேண்டியிருக்கும். ஐப்பசி மழை நாள்களில் வாரம் முழுக்க ஒரு சொட்டும் வேண்டியிருக்காது. விடும்போது லேசாகத் தெளித்துவிட்டுப் போகாதீர்கள், மேல்பக்கம்தான் நனையும். ஒருமுறை நனைத்து, ஐந்து நிமிடம் கழித்து மறுபடி நனையுங்கள். இருட்டுவதற்குள் இலை இடுக்கு காய்ந்திருக்க வேண்டும். நடுக்குருத்தில் தண்ணீர் தேங்கி இரவு முழுக்க நின்றால் குருத்து அழுகும். இந்தச் செடி ஒற்றைத் தண்டாகவே மேலே வளர்வது. குருத்து போனால் பிழைப்பது கடினம்.

போர்வெல் தண்ணீர் ஆகுமா? உப்பாக இருந்தால் ஆகாது. வேர் நுனி கருகுவது அதற்கு முதல் அடையாளம். ஆர்.ஓ. கருவி வெளியே தள்ளும் தண்ணீர் அதைவிட மோசம். உப்பையெல்லாம் திரட்டித் தள்ளுவதுதான் அது. மழைத்தண்ணீரைப் பிடித்து வையுங்கள். ஏ.சி.யிலிருந்து சொட்டுவதிலும் உப்பு அநேகமாக இருக்காது.

மூன்று வருடமாகப் பூக்கவில்லை, ஏன்? பெரும்பாலும் வெளிச்சக் குறைவு. இலை கரும்பச்சையாகப் பளபளத்தால் மகிழாதீர்கள். அது நிழலில் கிடக்கிறது என்று பொருள். சற்று மஞ்சள் கலந்த பச்சைதான் சரி. காலை வெயில் விழும் கிழக்குப் பால்கனியோ, மாடியில் ஐம்பது சத நிழல்வலையோ போதும். உச்சி வெயில் நேராக விழுந்தால் இலையில் கரும்புள்ளியாக வெந்துபோகும்.

உரம்? உரக்கடையில் கிடைக்கும் 19:19:19 கரையும் உரத்தை ஒரு லிட்டருக்கு அரை கிராம், வாரம் ஒருமுறை. காய்ந்த வேரில் ஊற்றினால் சுடும். முதலில் வெறும் தண்ணீரில் நனைத்துவிட்டு ஊற்றுங்கள். மாதத்தில் ஒரு வாரம் உரத்தைத் தவிர்த்து நிறையத் தண்ணீரால் அலசிவிடுங்கள்.

மாவுப்பூச்சி இலை இடுக்கில் வரும். சர்ஜிக்கல் ஸ்பிரிட்டில் நனைத்த பஞ்சால் துடைத்தால் போய்விடும்.

கூடை சின்னதாகிவிட்டால்? பிரித்தெடுக்காதீர்கள். வேர்கள் சட்டத்தில் பசைபோட்டதுபோல ஒட்டியிருக்கும். பிய்த்தால் பாதி வேர் போய்விடும். பழைய கூடையை அப்படியே பெரிய கூடைக்குள் இறக்கிவிடுங்கள்.

வாங்கும்போது கவனிக்க வேண்டியது இரண்டு. முதலாவது, கூடுமானவரை பூத்திருக்கும்போது போய் முகர்ந்து பார்த்து வாங்குங்கள். ஒரே வகையிலும் செடிக்குச் செடி மணம் கூடும், குறையும். சின்ன நாற்று விலை குறைவுதான், ஆனால் பூக்கச் சில ஆண்டுகள் ஆகும். இரண்டாவது, மலைப்பாதை ஓரத்தில் மரப்பட்டை ஒட்டியபடி, அறுந்த வேரோடு விற்பார்கள். அது காட்டிலிருந்து பிடுங்கியது, வாங்காதீர்கள். காட்டுச் செடிகளைப் பார்க்க ஆசையிருந்தால் ஏற்காட்டில் இந்தியத் தாவரவியல் ஆய்வகத்தின் ஆர்க்கிட் தோட்டம் இருக்கிறது.

புதுச்செடியைத் தொங்கவிட்ட முதல் ஓரிரு மாதம் ஒன்றுமே நடக்காது. அடியிலை ஒன்று மஞ்சளாகி விழவும் செய்யும். பயந்துபோய் இடம் மாற்றாதீர்கள், உரம் ஊற்றாதீர்கள். ஒருநாள் தண்டின் பக்கவாட்டில் தீக்குச்சித் தலையளவில் பச்சை முனை ஒன்று எட்டிப்பார்க்கும். அது புது வேர். உரத்தை அன்றிலிருந்து ஆரம்பியுங்கள்.