செவித்துணைக் கருவியும் ஸ்மார்ட் கடிகாரமும்: வாங்கும் முன் அறிய வேண்டியவை

சில மாதங்களுக்கு முன் நாரணாபுரத்தைச் சேர்ந்த 62 வயதுப் பெரியவர் ஒருவர் தம் மகளுடன் என் புறநோயாளர் அறைக்கு வந்தார். முப்பது ஆண்டுகளுக்கு மேலாகச் சிவகாசி ஆப்செட் அச்சகங்களில் மெஷின் ஓட்டியவர். வலக்கையில் ஆள்காட்டி விரலின் நுனி இல்லை; மற்ற விரல்களும் விறைத்திருந்தன. இரண்டு காதுகளுக்கும் செவித்துணைக் கருவி வாங்கி இரண்டு ஆண்டுகள் ஆகியும், அவை பெரும்பாலும் பீரோவில்தான் இருந்தன. சிங்கப்பூரிலிருந்து மகன் அனுப்பிய ஸ்மார்ட் கடிகாரம் ஒன்றை மேசைமேல் வைத்துவிட்டு, "டாக்டர், இந்த வாட்ச்ல காது மெஷினக் கூட்டிக் குறைக்கலாமாமே, நெசமா?" என்று கேட்டார்.

உண்மைதான். ஆயினும் அதற்குச் சில நிபந்தனைகள் உண்டு. இதே கேள்வியை இப்போது பலரும் கேட்பதால், நோயாளிகளுக்கும் குடும்பத்தினருக்கும் பயன்படும் வகையில் இங்கே விளக்குகிறேன்.

கருவி பீரோவுக்குப் போவது ஏன்?

நம் உட்செவியின் நத்தை எலும்புக்குள் ஏறத்தாழ 15,000 மயிரணுக்கள் உள்ளன. ஒலியை நரம்புச் செய்தியாக மாற்றுபவை இவையே. ஒருமுறை அழிந்தால் மீண்டும் முளைப்பதில்லை. நெடுங்கால இரைச்சலில் முதலில் சேதமடைவது உயர் அலைவெண் ஒலிகளைக் கேட்கும் பகுதி. ச, த, ப போன்ற மெய்யெழுத்துகளை ஒன்றிலிருந்து ஒன்று பிரித்தறிய உதவுவது அப்பகுதியே. "சத்தம் கேட்கிறது, சொல் புரியவில்லை" என்று நோயாளிகள் கூறுவதன் காரணம் இதுதான்.

இப்பாதிப்புடன் இன்னொரு தொல்லையும் சேர்ந்தே வரும். மெல்லிய ஒலி கேட்காது. ஆனால் ஒலி சற்றுக் கூடினால் தாங்க முடியாத அளவு பெரிதாகத் தோன்றும். எனவே வீட்டில் சரியாக இருக்கும் ஒலியளவு, கல்யாண மண்டபத்திலும் கோயில் பொங்கலின் ஒலிபெருக்கி முன்பும் வேதனை தரும். ஒரு நாளில் பலமுறை அளவை மாற்ற வேண்டியிருக்கும். காதுக்குப் பின்னால் இருக்கும் பொத்தானோ அரிசி மணியளவே இருக்கும். கண்ணுக்குத் தெரியாத அதை, விறைத்த விரலால் தேட வேண்டும். தேடும்போது கருவி கழன்று விழும், சுற்றியிருப்போர் பார்ப்பர். இரண்டு மூன்று முறை இவ்வாறு நேர்ந்தால் கருவி பீரோவுக்குப் போய்விடுகிறது.

செவித்துணைக் கருவியால் பயன்பெறக் கூடியவர்களுள் 17 விழுக்காட்டினரே அதைப் பயன்படுத்துகின்றனர் என உலக சுகாதார நிறுவனம் 2021இல் வெளியிட்ட அறிக்கை கூறுகிறது. விலையும் கூச்சமும் இதற்குப் பெரிய காரணங்கள். வாங்கியவர்களும் அணியாமல் விடுவதற்குக் கையாள்வதில் உள்ள சிரமம் ஒரு முக்கியக் காரணமாக இருப்பதை என் அறையில் அன்றாடம் காண்கிறேன்.

கடிகாரம் என்ன செய்கிறது?

கடிகாரம் ஒலியைப் பெருக்குவதில்லை. தொலைக்காட்சிக்கு ரிமோட் எப்படியோ, கருவிக்கு அது அப்படி. பெரும்பாலான அமைப்புகளில் கட்டளை கடிகாரத்திலிருந்து கைபேசிக்கும், கைபேசியிலிருந்து புளூடூத் வழியே கருவிக்கும் செல்கிறது. ஆகவே கைபேசி சட்டைப் பையிலோ அதே அறையிலோ இருக்க வேண்டும். கைபேசியின் சார்ஜ் தீர்ந்துவிட்டால் கடிகாரத்தின் கட்டளை நின்றுவிடும். ஆனால் கருவி தன் இயல்பான அமைப்பில் தொடர்ந்து வேலை செய்யும்.

ஐபோனுடன் நேரடியாக இணையும் செவித்துணைக் கருவிகள் 2014இல் சந்தைக்கு வந்தன. மறு ஆண்டு ஆப்பிள் கடிகாரம் வெளியானபோது, கருவித் தயாரிப்பாளர்கள் சிலர் அதற்கான செயலிகளையும் வெளியிட்டனர். ஆண்ட்ராய்டு கைபேசிகளில் இத்தகைய நேரடி இணைப்பு 2019இல் ஆண்ட்ராய்டு 10 பதிப்புடன் வந்தது.

மணிக்கட்டிலிருந்து பொதுவாகச் செய்யக்கூடியவை நான்கு:

1. ஒலியளவைக் கூட்டுதல், குறைத்தல். சிலவற்றில் இரண்டு காதுகளுக்கும் தனித்தனியாகவும் மாற்றலாம்.
2. புரோகிராம் மாற்றுதல். வீடு, கூட்டம், இசை என ஆடியாலஜிஸ்ட் முன்னரே அமைத்துத் தந்தவற்றுள் ஒன்றைத் தேர்ந்தெடுத்தல்.
3. கருவியின் ஒலியைச் சிறிது நேரம் நிறுத்தி வைத்தல்.
4. பல கருவிகளில், பேட்டரி எவ்வளவு மீதமுள்ளது எனப் பார்த்தல்.

நேரம் பார்ப்பது போல மணிக்கட்டைத் திருப்பி ஒரு தொடுதலில் இவற்றைச் செய்துவிடலாம். காதருகே கை போகத் தேவையில்லை. விரல் இழந்தவர்களும், தீக்காயத் தழும்பால் விரல் மடங்காதவர்களும், மூட்டுவாதம் உள்ளவர்களும் நிறைந்த நம் பகுதியில் இது சிறிய உதவியன்று.

முதலில் கருவி, பிறகு கடிகாரம்

அப்பெரியவருக்கு அன்று கடிகாரத்தை இணைக்க இயலவில்லை. மகன் அனுப்பியது ஆப்பிள் கடிகாரம். அதற்கு ஐபோன் தேவை. அவரிடம் இருந்ததோ ஆண்ட்ராய்டு கைபேசி. மகள் மிகவும் வருந்தினார். ஆனால் அன்று செய்ய வேண்டிய முக்கியமான வேலை வேறு இருந்தது. இடக்காதை அழுக்குக் கட்டி அடைத்திருந்தது. இரண்டு ஆண்டுகளில் செவித்திறனும் சற்றுக் குறைந்திருந்தது. அழுக்கை அகற்றி, புதிய ஆடியோகிராம் எடுத்து, அதற்கேற்பக் கருவியை மறு அமைப்புச் செய்தோம். அவரது ஆண்ட்ராய்டு கைபேசியிலேயே கருவி நிறுவனத்தின் செயலியை ஏற்றிக் கொடுத்தோம்.

கடிகாரம் வாங்க எண்ணுவோர் மூன்றைச் சரிபார்க்க வேண்டும். கருவியில் புளூடூத் உள்ளதா? அந்த நிறுவனத்தின் செயலி உங்கள் கைபேசியில் இயங்குமா? அதே செயலி நீங்கள் வாங்கப்போகும் கடிகாரத்திலும் இயங்குமா? மூன்றுக்கும் "ஆம்" என்றால் மட்டுமே கடிகாரம் பயன்படும். கடைகளில் இரண்டாயிரம் ரூபாய்க்குக் கிடைக்கும் கடிகாரங்கள் நடை எண்ணவும் அழைப்பு காட்டவும் உதவலாம். செவித்துணைக் கருவியின் செயலி அவற்றில் இயங்காது. ஆண்ட்ராய்டு வகைக் கடிகாரங்களுக்கும் இத்தகைய செயலிகள் குறைவு.

கடிகாரம் பொருந்தாவிட்டால் கவலை வேண்டாம். கைபேசிச் செயலி அதே வேலையைச் செய்யும். சாவிக்கொத்து அளவிலான தனி ரிமோட்டைச் சில தயாரிப்பாளர்கள் விற்கின்றனர். பெரிய பொத்தான்கள் கொண்ட அது வயது முதிர்ந்தோருக்குக் கடிகாரத்தைவிட எளிதாகவும் இருக்கலாம். அரசுத் திட்டத்தில் கிடைக்கும் கருவியில் புளூடூத் இல்லை என்பதற்காக அதை மறுத்துவிட வேண்டாம். முறையாகப் பொருத்தப்பட்ட எளிய கருவி, பொருந்தாத விலையுயர்ந்த கருவியைவிட மேலானது. தகுதியுள்ளோர் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தை அணுகலாம்.

ஆலைக்குள் கடிகாரம் வேண்டாம்

இது நம் ஊருக்கே உரிய எச்சரிக்கை. பட்டாசு ஆலைக்குள் கைபேசி கொண்டு செல்லக் கூடாது என்பதை நாம் அனைவரும் அறிவோம். ஸ்மார்ட் கடிகாரமும் லித்தியம் பேட்டரியும் அலைபரப்பியும் கொண்ட மின்கருவியே. "வாட்ச்தானே" என்று எண்ணி அணிந்து செல்லாதீர்கள். கைபேசியுடன் சேர்த்து வெளியிலேயே வைத்துவிடுங்கள்.

செவித்துணைக் கருவிக்குள்ளும் பேட்டரி உண்டு. அதை அணிந்து மருந்து கலக்கும், செலுத்தும் அறைகளுக்குச் செல்லலாமா என்பதை நீங்களாகவே முடிவு செய்யக் கூடாது. ஆலையின் பாதுகாப்புப் பொறுப்பாளரிடம் கேட்டு, அவர் சொல்வதைப் பின்பற்ற வேண்டும். கருவியைக் கழற்றிவிட்டு உள்ளே செல்பவருக்கு எச்சரிக்கைக் குரல் கேட்காமல் போகலாம். ஆகவே தமக்குச் செவிக்குறை இருப்பதை போர்மேனிடமும் அருகில் வேலை செய்வோரிடமும் மறைக்காமல் கூறுங்கள். ஆபத்து நேர்ந்தால் தோளைத் தட்டி வெளியே அழைக்க ஒருவரை முன்கூட்டியே பேசி வையுங்கள். வேலை போய்விடுமோ என அஞ்சிப் பலர் இதை மறைக்கின்றனர். அது உயிருக்கே ஆபத்தாக முடியலாம்.

ஒலியைக் குறைப்பது பாதுகாப்பு ஆகாது

கடிகாரத்தில் ஒலியைக் குறைத்துவிட்டால் காது பாதுகாக்கப்படும் என்று சிலர் நம்புகின்றனர். இது தவறு. கருவி பெருக்குவதை நிறுத்தலாம். வெளியிலிருந்து நேரே நுழையும் ஒலியை அது தடுப்பதில்லை. அச்சகம், கட்டிங், பஞ்சிங் பிரிவுகளில் வேலை செய்வோர் கருவியைக் கழற்றிவிட்டு உரிய காதடைப்பான் அணிய வேண்டும். 85 டெசிபலில் எட்டு மணி நேரம் என்பது பொதுவாக ஏற்கப்படும் எல்லை; அதற்குமேல் ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் பாதுகாப்பான நேரம் பாதியாகக் குறைகிறது. 88 டெசிபலில் நான்கு மணி, 91 டெசிபலில் இரண்டு மணி.

சில கடிகாரங்கள் சுற்றுப்புற இரைச்சலை அளந்து காட்டும். அச்சகத்தில் நிலைமையை ஓரளவு அறிய அது உதவும். ஆனால் சில நிமிடங்களின் சராசரியைக் கணக்கிட்டே அது எச்சரிக்கும். கண் இமைக்கும் நேரத்தில் முடியும் வெடிச் சத்தத்துக்கு அதை நம்பக் கூடாது. வெடிக்கும் இடத்திலிருந்து 4 மீட்டர் தொலைவில் 125 டெசிபல் வரை பட்டாசுக்குச் சட்டம் இடமளிக்கிறது. அதைவிட அருகில் நிற்பவரின் காது பெறுவது இதனினும் அதிகம்.

எப்போது உடனே வர வேண்டும்?

கடிகாரத்தில் தெரியும் ஒலியளவு மருத்துவருக்கும் ஒரு செய்தி. வழக்கமான அளவு போதாமல் வாரந்தோறும் கூட்டிக்கொண்டே போகிறீர்கள் எனில், காதழுக்கு, கருவியின் அடைப்பு, செவித்திறன் குறைவு ஆகியவற்றுள் ஏதோ ஒன்று காரணமாக இருக்கலாம். பரிசோதனைக்கு வாருங்கள்.

ஓரிரு நாளில் ஒரு காது திடீரெனக் கேளாமல் போனால் அது அவசர நிலை. ஒலியைக் கூட்டிப் பார்த்துக் காத்திருக்காதீர்கள். அன்றே காது மூக்கு தொண்டை மருத்துவரைப் பாருங்கள். மருந்து முதல் சில நாட்களிலேயே அதிகப் பலன் தரும். காதில் சீழ் வடிதல், தலைசுற்றல், ஒரு காதில் மட்டும் இரைச்சல், வெடி விபத்துக்குப் பின் காதடைப்பு ஆகியவற்றுக்கும் தாமதம் கூடாது.

குடும்பத்தினருக்கு ஒரு வேண்டுகோள்

கடிகாரத்தையோ செயலியையோ முதலில் நீங்கள் கற்று, பிறகு பெரியவருக்குப் பொறுமையாகக் கற்றுக் கொடுங்கள். ஆனால் அவருக்காக நீங்களே இயக்காதீர்கள். எவ்வளவு ஒலி போதும் என்பது அவர் காதுக்குத்தான் தெரியும். முதல் வாரம் கூட்டுவதும் குறைப்பதும் மட்டும் போதும். புரோகிராம் மாற்றுவதை அடுத்த வாரம் பழக்கலாம்.

அப்பெரியவரின் மகன் இரண்டு மாதம் கழித்து விடுமுறையில் வந்தபோது தம் பழைய ஐபோனைத் தந்தைக்குக் கொடுத்தார். கடிகாரம் இணைந்தது. அடுத்த பரிசோதனையில், ஒரு நாளைக்குச் சராசரியாக ஒன்பது மணி நேரம் அவர் கருவியை அணிந்திருப்பதை அதன் பதிவு காட்டியது. முன்பு அது ஒரு மணி நேரத்துக்கும் குறைவு. பேத்தியின் நிச்சயதார்த்தத்தில் கடைசிவரை மண்டபத்தில் அமர்ந்திருந்ததாகச் சொன்னார்.

உங்கள் வீட்டு பீரோவிலும் செவித்துணைக் கருவி ஒன்று இருந்தால், அடுத்த முறை வரும்போது அதையும், பழைய ஆடியோகிராமையும், நீங்கள் பயன்படுத்தும் கைபேசியையும் கொண்டு வாருங்கள். கடிகாரம் தேவையா என்பதை அதன் பிறகு முடிவு செய்யலாம்.