ஷட்டில் பேட் வாங்கப் போறீங்களா? ஷாஃப்ட் ‘ஸ்டிஃப்’பா இருக்கணுமா, வளையணுமா?

“ஏனுங்ணா, இது ஸ்டிஃப்புங்ளா?”

கிணத்துக்கடவு பக்கம் நான் விளையாடப் போகும் இன்டோர் கோர்ட்டில், யார் புது பேட்டோடு வந்தாலும் முதலில் விழும் கேள்வி இதுதான். “எக்ஸ்ட்ரா ஸ்டிஃப்புங்” என்று பதில் வந்தால் தனி மரியாதை. “ஃப்ளெக்ஸிபிள்” என்றால், “ஓ... சரிங்” என்று ஒரு இழுப்பு. அந்த இழுப்புக்குப் பயந்து நானும் ஒரு எக்ஸ்ட்ரா ஸ்டிஃப் பேட் வாங்கினேன். அந்த மாதச் சம்பளத்தில் நல்ல ஒரு பங்கு போனது. அதன் பிறகு பின்கோட்டிலிருந்து நான் அடித்த ஷட்டில் எல்லாம் எதிராளியின் நடுக்கோர்ட்டில், ‘வந்து அடிச்சுக்கோ’ என்கிற மாதிரி போய் இறங்கியது. இன்னும் பலமா வீசணும்போல என்று வீசி வீசி, மூன்றாவது மாதம் தோள்பட்டை பிடித்துக்கொண்டது.

பேட்டில் குறை ஒன்றும் இல்லை. என் வீச்சுக்கு அது பொருந்தவில்லை, அவ்வளவுதான்.

தொரட்டியும் ஷாஃப்ட்டும்

கைப்பிடிக்கும் வலை கட்டிய தலைக்கும் நடுவில் இருக்கும் பென்சில் தடிமன் குச்சிதான் ஷாஃப்ட். இப்போது பெரும்பாலும் கிராஃபைட். அது வளைவது எதற்கு என்று புரிய, நம்ம ஊர் தென்னந்தோப்புக்குப் போகலாம். நீளமான மூங்கில் தொரட்டியைச் சட்டென்று ஒரு பக்கம் வீசிப் பாருங்கள். கை போய்விடும், நுனி பின்தங்கும். கை நின்ற பிறகு நுனி படபடவென்று முன்னால் வந்து சேரும். ஷட்டில் பேட்டிலும் இதேதான் நடக்கிறது. நீங்கள் முன்னால் வீச ஆரம்பிக்கும்போது தலை பின்தங்கி ஷாஃப்ட் வளைகிறது. வளைந்தது நிமிர்ந்து வரும்போது தலைக்குக் கொஞ்சம் கூடுதல் வேகம் கிடைக்கிறது. அந்த நொடியில் ஷட்டில் வலையில் பட்டால் உங்களுக்கு இலவச லாபம்.

சிக்கல் நேரத்தில்தான். ஷட்டிலும் வலையும் ஒட்டியிருப்பது ஏறக்குறைய ஆயிரத்தில் ஒரு பங்கு நொடி. வீச்சு மெதுவாக இருந்தால் ஸ்டிஃப் ஷாஃப்ட் பெரிதாக வளையவே வளையாது. வளையாததிலிருந்து நிமிர என்ன இருக்கிறது? எல்லா வேலையும் உங்கள் தோள் தலையில் விழும். என் கதை இதுதான். மாறாக, கடைசி நொடியில் வெட்டுவது மாதிரி வேகமாக வீசுபவர் கையில் ரொம்ப வளையும் பேட்டைக் கொடுத்தால், ஷட்டில் படும்போது தலை இன்னும் வந்து சேர்ந்திருக்காது. கீழே இறங்க வேண்டிய ஸ்மாஷ் மட்டமாகவே போகும், கோட்டுக்குள் விழ வேண்டியது வெளியே போகும்.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். வேகத்தில் பெரும்பங்கு தோளும், முன்கை உள்பக்கமாகத் திரும்புவதும் தருவது. ஷாஃப்ட் தருவது அதன்மேல் ஒரு சின்னப் பங்கு. ‘ஸ்டிஃப்னா பவர்’ என்று கோர்ட்டில் யாராவது சொன்னால் தலையாட்டிவிட்டு நகர்ந்துவிடுங்கள்.

சாத்விக் வைத்திருந்தது என்ன?

2023 ஏப்ரல் 14 அன்று ஜப்பானின் சைதாமா மாகாணத்தில் உள்ள சோகா நகரில், யோனெக்ஸ் தொழிற்சாலையில் சாத்விக்சாய்ராஜ் ரங்கிரெட்டி அடித்த ஸ்மாஷ் மணிக்கு 565 கி.மீ. கின்னஸ் சாதனை. அதற்கு முன் 2013இல் மலேசியாவின் டான் பூன் ஹியோங் அடித்த 493 கி.மீ.தான் சாதனையாக இருந்தது. சாத்விக் கையில் இருந்தது நானோஃப்ளேர் 1000 இசட் என்ற எக்ஸ்ட்ரா ஸ்டிஃப் பேட். சாதனை வீடியோவைப் பார்த்துவிட்டு அதே பேட்டை ஆர்டர் போட நினைப்பவர்களுக்கு ஒரு கேள்வி: ஆறடி தாண்டிய உயரம், சிறுவயதிலிருந்து தினமும் பல மணி நேரப் பயிற்சி, இதெல்லாம் பெட்டிக்குள் வருமா? அந்த ஷாஃப்ட்டை வளைக்கும் வேகம் அவருக்கு இருக்கிறது. ஐ.டி. கம்பெனியில் எட்டு மணி நேரம் உட்கார்ந்துவிட்டு ராத்திரி ஒரு மணி நேரம் ஆடும் நமக்கு?

உங்க வீச்சு எந்த ரகம்?

எளிய சோதனை ஒன்று இருக்கிறது. உங்கள் பின்கோட்டில் நின்று, எதிர்ப்பக்கப் பின்கோடு வரை உயரமாக ஒரு கிளியர் அடியுங்கள். பத்தில் ஏழெட்டு அலட்டிக்கொள்ளாமல் போய்ச் சேர்ந்தால் மீடியம் தாண்டி ஸ்டிஃப் பக்கம் போகலாம். முக்கி முக்கி அடித்தும் பாதியிலேயே விழுந்தால் ஃப்ளெக்ஸிபிள் அல்லது மீடியம். எல்லாமே கோட்டைத் தாண்டிப் போகிறது, திசையும் நிற்கவில்லை என்றால், இப்போது இருப்பதைவிட ஒரு படி ஸ்டிஃப்பாக ஒன்றை முயன்று பாருங்கள். சோதிக்கும்போது ஷட்டிலை மாற்றக்கூடாது. நைலான் ஷட்டில் மூடியில் இருக்கும் பச்சை, நீலம், சிவப்பு வெறும் அழகுக்கு இல்லை. பச்சை மெதுவானது, சிவப்பு வேகமானது.

பலம் மட்டும் கணக்கில்லை, வீச்சின் குணமும் பார்க்க வேண்டும். ஸ்கூலில் பூப்பந்து ஆடிவிட்டு ஷட்டிலுக்கு வந்தவர்கள் நம்ம பக்கம் நிறைய. பூப்பந்து பந்து 27 கிராமுக்குக் குறையாது, ஷட்டில் அஞ்சு கிராம் சொச்சம்தான். கனமான பந்துக்குப் பழகிய கை, முழுக்கையையும் நீளமாக, சீராக வீசும். அந்த வீச்சுக்கு மீடியம் நன்றாகப் பேசும். குறுகிய, சடாரென்று முடியும் வீச்சுக்காரர்கள், முக்கியமாக டபுள்ஸில் நெட் பக்கம் நின்று டிரைவ் அடிப்பவர்கள், சீக்கிரம் நிமிரும் ஸ்டிஃப் ஷாஃப்ட்டைத்தான் விரும்புவார்கள்.

போனில் ஸ்லோ மோஷன் எடுத்து ‘என் பேட் எவ்ளோ வளையுது பாரு’ என்று ஸ்டேட்டஸ் வைப்பவர்களுக்கு ஒரு சின்ன ஏமாற்றம். போன் கேமரா படத்தை வரி வரியாகப் பதிவு செய்வதால், வேகமாகச் சுற்றும் நேரான குச்சிகூட வளைந்த மாதிரித்தான் தெரியும். அதை நம்பி பேட் மாற்ற வேண்டாம்.

கடைக்குப் போனால்

ஷாஃப்ட் எவ்வளவு வளையலாம் என்று விளையாட்டு விதிகளில் எதுவும் இல்லை. பேட்டின் நீளம் 680 மி.மீ., அகலம் 230 மி.மீ. தாண்டக்கூடாது என்று இருக்கிறது. அதனால் ஒரு கம்பெனியின் ‘ஸ்டிஃப்’ இன்னொரு கம்பெனியின் ‘மீடிய’மாக இருந்தால் ஆச்சரியமில்லை. ஒரே கம்பெனிக்குள் ஒப்பிடுங்கள். யோனெக்ஸில் அஸ்ட்ராக்ஸ் 77 புரோ மீடியம், அஸ்ட்ராக்ஸ் 100 இசட்இசட் எக்ஸ்ட்ரா ஸ்டிஃப். பெயர் ஒன்று என்பதால் குணமும் ஒன்றாகிவிடாது.

எடையையும் பாருங்கள்: 4 யூ என்றால் 80 முதல் 84 கிராம், 3 யூ என்றால் 85 முதல் 89. தலை கனமான பேட்டில் அதே ஷாஃப்ட் இன்னும் கொஞ்சம் கூடுதலாக வளையும். கட்டிங் இறுக்கத்தில்தான் பலரும் ஏமாறுகிறோம். ஸ்டிஃப் ஷாஃப்ட், அதன்மேல் 28 பவுண்டு கட்டிங் என்றால் நடுவில் சரியாகப் படாத ஒவ்வொரு அடியும் முழங்கை வரை அதிரும். புதிதாக ஆடுபவர்களுக்கு 20 முதல் 23 பவுண்டு போதும். வலி ஏற்கெனவே வந்துவிட்டது என்றால் பேட் மாற்றுவதற்கு முன் பிசியோவைப் பாருங்கள்.

கடையில் பேட்டை இரண்டு கையால் வளைத்துப் பார்ப்பதில் பெரிதாக ஒன்றும் தெரியாது. கோர்ட்டில் பழகியவர்களிடம் இரண்டு கேம் கடன் வாங்கி ஆடுவதுதான் உருப்படியான வழி. அதையும் இன்டோரில் செய்யுங்கள். பாலக்காட்டுக் கணவாய்க் காற்று ஆடி மாதத்தில் கிணத்துக்கடவில் அடிக்கிற அடிக்கு, வெளியில் ஆடினால் ஷட்டில் போனது ஷாஃப்ட்டாலா, காற்றாலா என்று கண்டுபிடிக்கவே முடியாது.

நான் இப்போது மீடியத்தில் 4 யூ வைத்திருக்கிறேன், 23 பவுண்டு கட்டிங். பழைய எக்ஸ்ட்ரா ஸ்டிஃப் பேட்டை அக்கா பையன் கொண்டுபோனான். பத்தொன்பது வயசு, தினமும் காலையில் கோச்சிங். போன ஞாயிற்றுக்கிழமை அவன் அதில் அடித்த கிளியர் சொல்லி வைத்த மாதிரி பின்கோட்டில் விழுந்தது. “மாமா, இது சூப்பர் பேட்டு, ஏன் கொடுத்தீங்க?” என்கிறான்.