சி.ஆர்.பி. எண் மனதைப் படிக்காது

தாம்பரம் வட்டாரத்தில் மாடம்பாக்கம், ராஜகீழ்ப்பாக்கம், சேலையூர் பக்கம் குடியிருக்கும் இருபத்தைந்து வயதுப் பிள்ளைக்குத் தூக்கம் கெட்டு, சாப்பாடு பிடிக்காமல், வேலைக்குப் போகவே மனமில்லாமல் வாரக்கணக்கில் போனால் வீட்டில் என்ன சொல்வார்கள் என்று தெரியும். “ராத்திரி பூரா செல்லு, பகல் பூரா தூக்கம், அப்புறம் சோர்வு வராம என்ன செய்யும்?” இப்போது இன்னொரு குரலும் சேர்ந்திருக்கிறது. அது அந்தச் செல்லுக்குள்ளிருந்தே வருகிறது: உன் மனச்சோர்வுக்குக் காரணம் உடம்பில் இருக்கும் அழற்சி, இந்த ரத்தப் பரிசோதனையைச் செய், இந்த மஞ்சள் மாத்திரையைச் சாப்பிடு. வீட்டுக்குரல் தவறு. செல்லின் குரலில் பாதி உண்மை இருக்கிறது; அதனாலேயே அது கூடுதல் ஆபத்து.

அந்தப் பாதி உண்மையை முதலில் பார்த்துவிடலாம். கிருமி நுழைந்தாலோ காயம் பட்டாலோ உடம்பு காட்டும் எதிர்ப்புதான் அழற்சி. அப்போது நோய் எதிர்ப்பு அணுக்கள் ரத்தத்தில் விடும் புரதங்களில் சில மூளைக்கும் செய்தி கொண்டுபோகின்றன. சிக்குன்குனியா வந்து எழுந்தவர்களைக் கேளுங்கள். மூட்டு வலி ஒருபுறம். யாரையும் பார்க்கப் பிடிக்காமல், சாப்பாடு ருசிக்காமல், சுவரைப் பார்த்துப் படுத்துக் கிடந்த நாட்களைச் சொல்வார்கள். அது சோம்பல் இல்லை. ‘ஓய்வெடு’ என்று உடம்பு மூளைக்கு இட்ட உத்தரவு. கிருமி போன பிறகும் அந்த உத்தரவு மெல்லிய அளவில் ஓடிக்கொண்டே இருந்தால் என்ன ஆகும் என்பதுதான் ஆராய்ச்சியாளர்களின் கேள்வி.

இந்தச் சந்தேகத்துக்கு வலுவான ஆதாரம் கிடைத்தது கல்லீரல் நோயாளிகளிடம். ஹெபடைடிஸ் சி கிருமிக்கு முன்பு இன்டர்ஃபெரான் ஊசி போடுவார்கள். எதிர்ப்பு சக்தியைத் தூண்டிவிடும் மருந்து அது. அதைப் போட்டுக்கொண்டவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு மனச்சோர்வு வந்தது. இங்கிலாந்தின் பிரிஸ்டல் பகுதியில் 1991, 1992-ல் பிறந்த பிள்ளைகளைத் தொடர்ந்து கவனித்த ஆய்வு 2014-ல் வெளியானது. ஒன்பது வயதில் ரத்தத்தில் இன்டர்லூகின்-6 என்ற அழற்சிப் புரதம் கூடுதலாக இருந்தவர்களுக்கு, பதினெட்டு வயதில் மனச்சோர்வு வரும் வாய்ப்பும் கூடுதலாக இருந்தது. இளைஞர்கள் விஷயத்தில் அதிகம் பேசப்படும் ஆய்வு இது.

செல் குரல் விட்டுவிடும் கணக்கு ஒன்று உண்டு. பல நாட்டு ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த 2019-ம் ஆண்டுக் கட்டுரை, மனச்சோர்வு உள்ளவர்களில் சுமார் 27 சதவீதம் பேருக்குத்தான் ரத்தத்தில் சி.ஆர்.பி. என்ற அழற்சிப் புரதத்தின் அளவு லிட்டருக்கு 3 மில்லிகிராமுக்கு மேல் இருந்ததாகச் சொல்கிறது. மீதிப் பேருக்கு அந்த அளவுக்கு இல்லை. ஆனால் அவர்களும் அதே துன்பத்தில்தான் இருந்தார்கள். ஆகவே சி.ஆர்.பி. ‘நார்மல்’ என்று தாளில் வந்துவிட்டால் மனச்சோர்வு இல்லை என்று அர்த்தமில்லை. “ரிப்போர்ட்ல ஒண்ணும் இல்லையே, நடிக்கிறியா?” என்று அந்தத் தாளை வைத்து ஒரு பிள்ளையைக் கேட்பது அநியாயம்.

எண் கூடுதலாக வந்தாலும் அது மனதைப் பற்றிச் சொல்வதாக எடுத்துக்கொள்ள முடியாது. தொப்பை, ஈறு வீக்கம், புகை, கருத்தடை மாத்திரை, போன வாரச் சளி என எதுவும் சி.ஆர்.பி.யை ஏற்றும். பத்தைத் தாண்டினால் வேறு தொற்று இருக்கிறதா என்றுதான் மருத்துவர் முதலில் பார்ப்பார். தூக்கமும் இதில் சேர்த்தி. பழைய மகாபலிபுரம் சாலை கம்பெனிகளுக்கும் சானடோரியம் மெப்ஸ் வளாகத்துக்கும் இரவு ஷிப்ட் போகிறவர்கள் இந்தப் பகுதியில் நிறையப் பேர். கெட்ட தூக்கம் அழற்சியையும் கூட்டும், மனதையும் வாட்டும். இரண்டில் எது முதலில் வந்தது என்று ஒரு ரத்தப் பரிசோதனை சொல்லிவிடாது. ஆகவே மனச்சோர்வைக் கண்டுபிடிக்க என்று சி.ஆர்.பி. உள்ள ‘பேக்கேஜ்’ வாங்குவது வீண் செலவு. மருத்துவர் எழுதிக்கொடுத்தால் தைராய்டு, ஹீமோகுளோபின், பி12 பாருங்கள். அவற்றில் குறை இருந்தாலும் இதே சோர்வு வரும், அதற்கு நேரடி மருந்தும் உண்டு.

தாம்பரத்துக்காரர்கள் இன்னொன்றையும் மறக்கக்கூடாது. 1928-ல் டாக்டர் சௌரிமுத்து காசநோயாளிகளுக்காகத் தொடங்கிய இடம்தான் சானடோரியம். ரயில் நிலையத்துக்கே அந்தப் பெயர். மாலையில் லேசான காய்ச்சல், எடை குறைவு, எதிலும் பிடிப்பில்லாமை: காசநோய் சில சமயம் மனச்சோர்வைப் போலவே தொடங்கும், இரண்டும் சேர்ந்தும் வரும். இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் இருந்தால் சளிப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள், அரசு மருத்துவமனையில் இலவசம். முதல் மனச்சோர்வு மருந்துகளில் ஒன்றே காசநோய் வார்டில் கிடைத்ததுதான். 1952-ல் நியூயார்க்கின் சீ வியூ மருத்துவமனையில் இப்ரோனியாசிட் என்ற காசநோய் மருந்து கொடுக்கப்பட்ட நோயாளிகள் எதிர்பாராத உற்சாகம் அடைந்தார்கள். கல்லீரலைக் கெடுத்ததால் அது பின்னர் கைவிடப்பட்டது.

அழற்சியைக் குறைத்தால் மனச்சோர்வு போகுமா? 2013-ல் அமெரிக்காவில் சாதாரண மருந்துக்குக் கேட்காத 60 பேரிடம் இன்ஃப்ளிக்ஸிமாப் என்ற அழற்சி எதிர்ப்பு ஊசியைச் சோதித்தார்கள். மொத்தத்தில் வெற்று ஊசியைவிட மேலாக அது வேலை செய்யவில்லை. தொடக்கத்திலேயே சி.ஆர்.பி. கூடுதலாக இருந்தவர்களிடம் மட்டும் பலன் தெரிந்தது. பாகிஸ்தானில் இருமுனை மனச்சோர்வு உள்ள 266 பேரிடம் மினோசைக்ளின், செலிகாக்சிப் மாத்திரைகளைச் சோதித்து 2020-ல் வெளியிட்டார்கள். இரண்டும் பலன் தரவில்லை. ஆராய்ச்சி நடக்கிறது, இது இன்னும் சிகிச்சையாகவில்லை.

ஆனால் மெடிக்கல் ஷாப்பில் சீட்டில்லாமல் வாங்கும் பழக்கம் நமக்கு உண்டு. மனச்சோர்வுக்கு எசிடாலோபிராம் போன்ற மாத்திரை சாப்பிடுகிறவர், தானாகவே டைக்ளோஃபினாக் மாதிரி வலி மாத்திரையை நாள் கணக்கில் சேர்த்துக்கொண்டால் வயிற்றில் ரத்தக்கசிவு வரும் வாய்ப்பு கூடும். ‘உடம்பு தேற’ என்று வாங்கும் டெக்ஸா ஸ்டீராய்டு, மனநிலையையே புரட்டிப்போடக்கூடும். சாம்பாரில் போடும் மஞ்சளுக்குப் பயப்பட வேண்டாம். செறிவூட்டிய குர்குமின் மாத்திரைகளால் கல்லீரல் பாதித்தவர்கள் உண்டு. மனநல மருந்தைப் பாதியில் தானாக நிறுத்துவதும் ஆபத்துதான். 25 வயதுக்கு உட்பட்டவர்கள் மனச்சோர்வு மருந்தைத் தொடங்கும் முதல் சில வாரங்களில் பதற்றமோ தற்கொலை எண்ணமோ கூடுகிறதா என்று வீட்டில் ஒருவர் கவனிக்க வேண்டும். கூடினால் அன்றே மருத்துவரிடம் போங்கள். மருந்தே வேண்டாம் என்பதல்ல இதன் பொருள். முறையாகக் கொடுத்தால் பலருக்குப் பலன் தரும் மருந்து அது.

இனி உரிமைகள். மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017, நடைமுறைக்கு வந்தது 2018 மே 29-ல். அரசு நடத்தும் அல்லது அரசு நிதியில் இயங்கும் மனநலச் சேவையைப் பெறுவது ஒவ்வொருவரின் உரிமை என்று அதன் 18-வது பிரிவு சொல்கிறது. அத்தியாவசியப் பட்டியலில் உள்ள மனநல மருந்துகள் அரசு மருத்துவமனையில் இலவசம். ஃபுளூஒக்செடின், எசிடாலோபிராம் இரண்டும் 2022-ம் ஆண்டு தேசியப் பட்டியலில் உள்ளன. மாடம்பாக்கத்துக்காரர்கள் பக்கத்தில் உள்ள அரசு மருத்துவமனையிலோ செங்கல்பட்டு அரசு மருத்துவக் கல்லூரியிலோ மனநல மருத்துவர் எந்தக் கிழமை பார்க்கிறார் என்று விசாரித்துப் போகலாம். என்ன நோய், என்ன மருந்து, என்ன பக்கவிளைவு என்று கேட்பதும் உரிமைதான், மருத்துவர் எரிச்சல்பட்டாலும்.

“ரெக்கார்டுல ஏறிட்டா கல்யாணம் நடக்காது” என்ற பயம் பெற்றோருக்கு அதிகம். 23-வது பிரிவு நோயாளியின் விவரங்களை ரகசியமாக வைக்கச் சொல்கிறது. முன்பு சிகிச்சை எடுத்தார் என்பதை மட்டும் வைத்து ஒருவருக்கு மனநோய் இருப்பதாக இப்போதோ பின்னாலோ தீர்மானிக்கக் கூடாது என்றும் சட்டம் சொல்கிறது. தற்கொலைக்கு முயன்றவரைக் கடுமையான மன அழுத்தத்தில் இருந்தவராகவே கருத வேண்டும், அவருக்குச் சிகிச்சை தருவது அரசின் கடமை என்கிறது 115-வது பிரிவு. போலீஸ் கேஸ் ஆகிவிடும் என்று பயந்து யாரையும் வீட்டிலேயே வைத்திருக்காதீர்கள்.

இன்சூரன்ஸ் விஷயத்தில் சட்டம் நல்லது, நடைமுறை சுமார். உடல் நோய்க்குச் சமமாக மனநோய்க்கும் காப்பீடு தரவேண்டும் என்பது 21-வது பிரிவின் 4-வது உட்பிரிவு. மனநோய் விலக்கு என்று சொல்லி ஒரு பொதுத்துறை நிறுவனம் மறுத்த தொகையை, 2021-ல் டெல்லி உயர் நீதிமன்றம் கொடுக்க வைத்தது. ஆனால் மனச்சோர்வுக்குப் பெரும்பாலும் வெளிநோயாளியாகத்தான் சிகிச்சை. பெரும்பாலான பாலிசிகள் அந்தச் செலவைத் தருவதில்லை. இந்த ஓட்டையை அடைக்காமல் ‘சமம்’ என்று சொல்வதில் எனக்குத் திருப்தியில்லை. மருத்துவமனையில் சேர்ந்த செலவையும் மறுத்தால், முதலில் நிறுவனத்துக்கு எழுத்தில் புகார் கொடுங்கள். அதற்கும் மசியவில்லை என்றால் சென்னையில் உள்ள இன்சூரன்ஸ் ஆம்புட்ஸ்மேனிடம் போகலாம், கட்டணம் கிடையாது.

கல்லூரி மாணவர்களுக்குப் புதிதாக ஒரு பிடி கிடைத்திருக்கிறது. விசாகப்பட்டினத்தில் ஒரு மாணவி இறந்த வழக்கில் 2025 ஜூலை 25-ல் உச்ச நீதிமன்றம், மனநலம் வாழ்வுரிமையின் பகுதி என்று கூறி, நூறு மாணவர்களோ அதற்கு மேலோ உள்ள கல்வி நிறுவனங்கள் பயிற்சி பெற்ற ஆலோசகர் ஒருவரையாவது வைக்க வேண்டும் என்று உத்தரவிட்டது. தாம்பரம் வட்டாரத்தில் கல்லூரிகளுக்குக் குறைவில்லை. உங்கள் கல்லூரியில் அந்த ஆலோசகர் யார், எந்த அறை என்று மாணவர்கள் சேர்ந்து எழுதிக் கேளுங்கள்.

‘அழற்சியைக் கரைத்து மனச்சோர்வை விரட்டும்’ என்று விளம்பரம் பார்த்து ஏமாந்திருந்தால் ரசீதையும் விளம்பரப் படத்தையும் பத்திரப்படுத்திக்கொண்டு 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணை அழையுங்கள். வழக்கு என்றால் செங்கல்பட்டு மாவட்ட நுகர்வோர் ஆணையம். கொடுத்த விலை ஐந்து லட்சம் ரூபாய்க்குள் என்றால் மனுக் கட்டணம் இல்லை. வக்கீலுக்கு வழியில்லை என்றால் சட்ட உதவி எண் 15100.

இரண்டு வாரத்துக்கு மேல் பெரும்பாலான நாட்கள் மனம் கனத்துக் கிடந்தால், எந்த லேப் தாளுக்கும் காத்திருக்காமல் 14416-ஐ அழையுங்கள். டெலி மானஸ், 24 மணி நேரமும் இலவசம், தமிழில் பேசலாம். தமிழ்நாட்டின் 104 உதவி எண்ணும் உண்டு. சாக வேண்டும் என்ற எண்ணம் வந்தால் இரண்டு வாரம்கூடப் பார்க்க வேண்டாம், இப்போதே பேசுங்கள்.