தொல்காப்பியர் கணக்கில் மரக்கற்றாழை

மரக்கற்றாழைகளில் ஒன்றான அம்பறாத்தூணி மரத்தையும், நமீபியாவில் கெயிட்மன்ஸ்ஹூப் ஊருக்கு வெளியே பாறைகளுக்கு நடுவில் அது தோப்பாக நிற்பதையும் போன வாரமே பார்த்தாயிற்று. மரக்கற்றாழைப் போத்தை நெய்வேலியில் நடும் முறையை இந்த வாரம் சொல்வதாக இருந்தேன். அதற்குள் பண்ருட்டி சாலையில் ஒரு மர அறுவை மில் குறுக்கே வந்துவிட்டது.

அங்கே பனை அறுத்துக்கொண்டிருந்தார்கள். வெட்டுமுகத்தின் விளிம்பைச் சுற்றிக் கறுப்பாக, கம்பி கம்பியாக வைரம். நடுவில், நகம் பட்டாலே பிய்ந்து வரும் வெளிறிய சோறு. வாரைக்குத் தேறுவது விளிம்பு மட்டும்தான். வெளியே வைரம் பாய்ந்தது புல், உள்ளே வைரம் பாய்ந்தது மரம் என்று தொல்காப்பியர் மரபியலில் வகுத்தாரே, அது இந்த வெட்டுமுகத்தைப் பார்த்த கண்ணால் வகுத்தது. அவர் கணக்கில் பனை புல். இன்றைய தாவரவியலும் பனையைப் புல்லோடு சேர்த்து ஒருவித்திலைக் கூட்டத்தில்தான் வைத்திருக்கிறது.

மரக்கற்றாழையும் அதே கூட்டம். மேலே கெட்டியான ஓடு, உள்ளே நீர் தேக்கும் பஞ்சு நார். தென்னாப்பிரிக்காவின் சான் வேட்டைக்காரர்கள் கிளையைக் குடைந்து அம்புக்கூடு செய்ய முடிந்தது அதனால்தான். பட்டுப்போன பெரிய அடிமரத்தையும் அங்கே விடுவதில்லை. உள்ளே குடைந்துவிட்டுத் தண்ணீரும் இறைச்சியும் வைப்பார்கள். நார்ச்சுவர் வழியே காற்று புகுந்து வருவதால் உள்ளே குளிர்ச்சி நிற்கும்.

ஆனால் பனையிடம் இல்லாத ஒரு வித்தை இதனிடம் இருக்கிறது. பனை உயருமே தவிர, வயது ஏற ஏற மரங்களைப் போலப் பருப்பதில்லை. மரக்கற்றாழையோ பட்டைக்கு உட்புறம் ஒரு வளர்அடுக்கை வைத்துக்கொண்டு புதுப்புது நார்க்கற்றைகளைச் சேர்த்தபடியே இருக்கும். ஒருவித்திலைத் தாவரங்களில் மிகச் சிலவற்றுக்கே இது வாய்த்திருக்கிறது. பார்பரே என்ற இனம் 18 மீட்டர் வரை உயர்வதும், அதன் அடி யானைக்கால் போலப் பருப்பதும் இந்த அடுக்கின் வேலை. ஆண்டு வளையம் மட்டும் விழாது; அறுத்துப் பார்த்து வயது சொல்ல முடியாது.

இனி நம் ஊருக்கு வருவோம். சுரங்கத்துக்காக இரவுபகலாக நீர் இறைக்கிற ஊர், நிலம் வறண்டுதானே கிடக்கும் என்று நினைக்கலாம். இறைப்பது நிலக்கரிக்கு அடியில் அழுத்தத்தோடு நிற்கும் ஊற்றுநீரை. கற்றாழை வேருக்கு வேண்டியது மேல்மண்ணின் கதை. இங்கே ஆண்டுக்கு ஏறக்குறைய 1,200 மி.மீ. மழை, பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகையில் கொட்டித் தீர்த்துவிடும். கெயிட்மன்ஸ்ஹூப்பில் 200 மி.மீ.கூடக் கிடையாது. உள்ளே பஞ்சாக இருக்கிற செடி, தண்ணீர் தேங்கினால் அடியிலிருந்து அழுகும். அதனால் குவார்ட்டர்ஸ் தோட்டத்துக்கு அம்பறாத்தூணி மரம் வேண்டாம். தென்னாப்பிரிக்காவின் கோடைமழைப் பக்கத்திலிருந்து வரும் பார்பரேதான் சரி. அதையும் செம்மண்ணில் ஆற்று மணலும் சரளையும் கலந்து, முழங்கால் உயரம் மேடு கட்டித்தான் வைக்க வேண்டும்.

காற்றையும் மறக்கக் கூடாது. 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கரையேறியபோது, இந்த வட்டாரத்தில் பலாவும் முந்திரியும் வேரோடு சாய்ந்தன. கற்றாழை வேர் ஆழம் தேடாமல் மேலாகப் பரவுவது, தலையிலோ நீர்ச்சுமை. வீட்டுக் கூரைக்கும் மின்கம்பிக்கும் எட்டாத இடமாகப் பாருங்கள்.

போத்தை எங்கே வெட்டுவது, நிழலில் எத்தனை நாள் உலர்த்துவது என்பதை அடுத்த வாரம் எழுதுகிறேன். கன்று கையில் இருப்பவர்கள் அவசரப்பட்டு ஐப்பசி மழைக்கு முன் மண்ணில் இறக்கிவிடாதீர்கள். தொட்டியிலேயே மழை படாமல் வைத்திருந்து, தை பிறந்ததும் நடுங்கள்.